ஐப்பசியில் உதிர்வது

சென்னைக்காரர்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பினார்கள்,
மழையைக் குறை சொல்லி, வெந்நீரைக் குறை சொல்லி,
ஆறாம் எண் அறையில் ஒரு பை ஆப்பிளை விட்டுவிட்டு.
ஒன்பது பழம். ஒன்றில் மட்டும் சின்னப் பல்லின் கடி.

அவர்கள் கார் கோரிமேடு தாண்டியிருக்கும்,
பதினாலாவது வளைவில் மண் சரிந்தது.
போன் வந்தபோது சேசுராஜ் சோற்றில் கை வைத்திருந்தான்.
கழுவினான். மழைக்கோட்டை மாட்டினான். போனான்.
சாலைப் பணியாளன் பெண்டாட்டிக்கு
மூடி வைத்த தட்டு புதிதல்ல.

ஜெனோவாவுக்குப் பள்ளி விடுமுறை.
போனுக்குள் எந்த நாட்டு அடுப்பையோ
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:
"ஆப்பிள் சைடர் டோநட்மா. இலையுதிர் காலத்துப் பலகாரம்."
சைடர் என்றால் சாராயமா என்றேன்.
"வடிகட்டாத சாறு" என்றாள்,
போன வருஷமும் பிழிந்தவள் மாதிரி.

இலையுதிர் காலம்.
நானும் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன்.
எங்கள் மலையில் இலை உதிர்வது பங்குனியில்.
ஐப்பசியில் உதிர்வது மண்.

துருவினோம். வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தோம்.
கடிபட்ட பழத்தையும், பல் பட்ட இடத்தைச் செதுக்கிவிட்டு.
இரண்டு டம்ளர் சாறு அரை டம்ளராகச் சுண்ட வேண்டுமாம்.
சிலிண்டர் தீரும் தறுவாய்.
மண்ணை அள்ளும்வரை வேறொன்று மேலே வராது.
தெரிந்தேதான் பற்ற வைத்தேன்.
முக்கால் மணி நேரம்
அடுப்படிக்கு வேறு யாரோ வீட்டு வாசனை.

"இப்போ மாவில் மோர் விடணும்" என்ற இடத்தில்
டவர் போனது.
எவ்வளவு மோர்?
அளவு மேகத்துக்குள் இருந்தது.

வடை மாவுக்கு இறுக்கம், சப்பாத்திக்கு இளக்கம்
என்று கை ஒரு இடத்தில் நின்றுகொண்டது.
பட்டை இருந்தது, ஜாதிக்காய் இல்லை.
சில்வர் ஓக்கில் ஏறிய எங்கள் மிளகை
நாலு தட்டிப் போட்டேன்.
டம்ளரைக் கவிழ்த்து வட்டம்.
நடுத்துளைக்கு இருமல் மருந்து மூடி,
மூன்று முறை கழுவியும் லேசாக மருந்து மணத்தது.

முதல் ஈடு வெளியே கருகி உள்ளே பச்சை.
இரண்டாவதில்தான் சிவந்து புரண்டது.
சாவி வாங்க வந்த பழனியக்கா
மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.
"என்னடி, வடைக்குச் சர்க்கரை தூவுறே?"
ஓட்டை போட்டதெல்லாம் வடையாக்கா?
"பின்னே?"
மூன்று தின்றாள். அதற்குப் பிறகும்
அது வடைதான் அவளுக்கு.

நடுவில் ஏன் துளை என்றாள் ஜெனோவா.
நடு வேகாமல் நின்றுவிடும், அதனால்
முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள் என்றேன்.
எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

எஸ்டேட் ஜீப்பில் இறங்கிப் போனபோது வெளிச்சம் பாதி.
சாலை இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் இருந்தது.
நடுவில் செம்மண்ணும் வேரோடு ஒரு பலாவும்.
கீழ்ப்பக்கம் ஜேசிபி. டேனிஷ்பேட்டைப் பையன், குணாளன்,
காலையிலிருந்து இறங்கவில்லையாம்.
மேலே என் ஆளும் இன்னும் நாலு பேரும்,
யார் யாரென்று மண் சொல்லவில்லை.
இருமியவனை அடையாளம் கண்டேன்.

ஒரு டப்பாவை அவர்களிடம் கொடுத்தேன்.
இன்னொன்றைக் காட்டி அந்தப் பக்கம் கை நீட்டினேன்.
இஞ்சின் உறுமியது.
மஞ்சள் கை சரிவின் மேல் நீண்டு
வாளியை என் முன் தாழ்த்தியது,
பந்தியில் இலைக்குக் குனிவது போல.
வைத்தேன். மெதுவாகப் பின்வாங்கியது.
மண்ணைத் தவிர வேறொன்றை அது
அத்தனை பதமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

சற்று நேரத்தில் வாளி திரும்பி வந்தது.
காலி டப்பா. அதற்குள் செய்தித்தாள் பொட்டலம்:
சேலத்துத் தட்டுவடை செட், இரண்டு,
சட்னியில் ஊறி நமத்துப்போய்.
ஜெனோவா அங்கேயே தின்றாள்.

சேசுராஜின் இரண்டு கையும் சேறு.
வாயைத் திறந்தான். ஊட்டினேன்.
மென்றபடி கேட்டான்: "வடையா?"
ஆமாம் என்றேன்.
"மிளகு தூக்கல்" என்றுவிட்டு
மண்வெட்டியை எடுத்தான்.