பயனாளி

சனிக்கிழமை விமானம்.
எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.
அபிராவுக்குப் பரீட்சை, அவள் வரவில்லை.
அதனால்தான் வியாழன் பின்னேரம்
விண்ட்ஸர், வயண்டொட் தெருவில்
பல் வைத்தியரின் கடைக்கு மேல்மாடியில்
மரண சாசனம் எழுதப் போனோம்.

"இரண்டு பேரும் ஒன்றாய்ப் போய்விட்டால்?"
திருமதி ஹத்தாத் கேட்டார்,
கோப்பி வேண்டுமா என்கிற குரலில்.

பதினான்கு வயதுப் பிள்ளையை
பாரிஸில் சித்தியின் சோபாவில் படுக்கவைத்துப் பார்த்தோம்,
கால் நீட்ட இடம் போதவில்லை.
தூக்கி டொரொண்டோ மாமாவிடம் வைத்தோம்,
அங்கே அவள் பேசவேயில்லை.
கடைசியில் பக்கத்து வீட்டு மரியாவின் பெயரைச் சொன்னபோது
வதனி அழுதாள்.
மரியாவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்று
காரணமும் சொன்னாள்.

பிறகு வீடு, வீட்டின் கடன்,
பனி தள்ளும் மெஷின்.
கைதடிக் காணி இரண்டு பரப்புக்கு
அந்த நாட்டுச் சட்டம், அதை அங்கே பாருங்கள் என்றார்.
தாலிக்கொடிக்குத் தனியாக ஒரு வரி கேட்டாள் வதனி.
"பதினொரு பவுன்."
எழுதிக்கொண்டே வந்த ஹத்தாத்
பேனாவை நிறுத்தி அவள் கழுத்தைப் பார்த்தார்:
பதினொரு றாத்தலா?

"காப்புறுதி, சாசனம் சொல்வதைக் கேட்காது.
படிவத்தில் யார் பெயரோ
அவருக்குத்தான் போகும். கொண்டுவந்தீர்களா?"

கொண்டுவந்திருந்தேன், பார்க்காமல்.
பதினெட்டு வருடத்துக்கு முந்தைய பெப்ரவரி.
பயனாளி: குணாளன் நவரட்ணம்.
உறவு: றூம்மேட்.
வீதம்: நூறு.

"இது ஆர்?" என்றாள் வதனி.

சீற்பெல்ட் கொழுவி செய்யும் பக்டரி,
முதல் கிழமை, இரவு வேலை.
அந்த வெற்றுக் கட்டத்தில் எழுத
இந்த நாட்டில் எனக்கு வேறு பெயர் இல்லை.
அவனும் என் பெயரை எழுதினான்.
"ஆறு மாசம் பொறுத்துச் சா மச்சான்,
அதுக்குப் பிறகுதான் காசு தருவாங்களாம்."

பிறகு ஒரு சீட்டுக் கணக்கு.
இரண்டாயிரத்து முந்நூறு டொலர்.
ஆர் பிழை என்று
சத்தியம் பண்ணச் சொன்னால் இன்று யோசிப்பேன்.
பதினொரு வருடம்
அவனைக் கடையில் கண்டால்
பருப்பு வாங்காமல் வண்டிலைத் திருப்பினேன்.
அத்தனை வருடமும்
ஒரு லொறி என்னை அடித்திருந்தால்
அவனுக்கு அறுபதாயிரம்.

வதனியின் பெயர். அவளும் இல்லையென்றால் அபிரா,
இருபத்தைந்து வயதுவரை பொறுப்பாளர் கையில்.
ஒரு கோடு போட்டேன், அவன் போனான்.

கிளார்க்கின் குழந்தைக்குக் காய்ச்சல்.
சாட்சிக்கு ஹத்தாத் ஒருவர், இன்னும் ஒருவர் வேண்டும்.
"உங்கள் சாவால்
ஒரு சதமும் கிடைக்காத ஆள்."
மரியாவுக்கு வளையல் எழுதியாயிற்று.
அவள் புருஷனும் கூடாதாம்.
எங்களில் அன்பானவர்கள் எல்லாரும்
ஏதோ ஒரு வரியில் அகப்பட்டிருந்தார்கள்.

விரலுக்கு அந்த நம்பர் மறக்கவில்லை.

"நான் தயாபரன்."
ரீவி சத்தம். அது நின்றது.
"ஆர் செத்தது?"
"இன்னும் ஒருத்தரும் இல்லை. ஒரு கையெழுத்து வேணும்."

வேலைச் சப்பாத்தோடு வந்தான், முன்தலை கொட்டியிருந்தது.
"உள்ளுக்கு என்ன கிடக்கு?"
"உனக்கு ஒண்டும் இல்லை."
"அப்ப சரி" என்று
நான் கையெழுத்திடுவதை
கண் எடுக்காமல் பார்த்தான், சட்டம் கேட்டபடி.
பிறகு தன் பெயரை
நான் எழுதியிருந்ததைவிட ஒரு எழுத்துக் கூட்டி எழுதினான்.
இவ்வளவு காலமும் பிழையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

படி இறங்கும்போது
"என்ர படிவத்தையும் ஒருக்கா எடுத்துப் பாக்கவேணும்" என்றான்,
வதனிக்குச் சொல்வதுபோல.

கீழே காற்று, ஆற்றுப் பக்கமிருந்து.
பார்க்கிங் மீற்றருக்குச் சில்லறை இல்லை அவனிடம்.
இரண்டு டொலர்க் குற்றி ஒன்று கொடுத்தேன்.
வாங்கி, போட்டு, திரும்பாமலே சொன்னான்:
"இனி இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு."