ஒன்பது மணி நேரக் கூலி

எண்ணெய் மூடியைத் திறந்து
ஓர் அளவுத்தகட்டை உள்ளே இறக்கினார் கோர்நெல்.
பெல்ட் அந்தப் பிளவுக்குள் அடங்க வேண்டும்.
அடங்கவில்லை.
"ஊதிப்போயிருக்கு டீச்சர்" என்றார்,
கணுக்கால் வீங்கிய யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

டுர்டாவில், உப்புச் சுரங்கத்துக்குப் போகும் சாலையில்
அவருடைய ஷெட். பிப்ரவரி.
ஹீட்டர் அவர் பக்கம் பார்த்தபடி இருந்தது.
சிகரெட் அட்டையைக் கிழித்துப் பின்புறம் எழுதினார்:
பெல்ட், முந்நூற்றுப் பத்து லெய்.
நான் கைப்பையைத் திறந்துவிட்டேன்.
அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

வலது சக்கரம் கழற்ற.
இன்ஜினைக் கீழிருந்து ஜாக்கியில் தாங்க.
கிராங்கையும் கேமையும் ஊசி செருகிப் பூட்ட;
அந்த ஊசிப்பெட்டி க்ளுஜிலிருந்து வாடகைக்கு வர வேண்டும்.
போல்ட்டுகள் எல்லாம் புதிது. ஒருமுறை இறுக்கியதை
மறுமுறை நம்பக் கூடாதாம்.
எண்ணெய்ச் சட்டியை இறக்கிச் சல்லடை கழுவ.
கூலி, ஒன்பது மணி நேரம்.
மொத்தம் நாலாயிரத்து இருநூறு.

சுண்டைக்காய் கால்பணம்.
மிச்சத்தை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

என் சம்பளம் நாலாயிரத்து எழுநூறு.

ஜெர்மனியிலிருந்து ஓட்டிவந்து விற்ற நெலு
மார்பில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்திருந்தான்:
ஓய்வுபெற்ற பாதிரியாரின் கார்,
ஞாயிறு மட்டும் ஓடியது.
மீட்டரும் தொண்ணூற்றெட்டாயிரம் என்று
அவன் சொன்னதையே சொன்னது.

"அறுந்தா என்ன ஆகும்?"
கோர்நெல் வலது முஷ்டியால்
இடது உள்ளங்கையில் ஒரு குத்து விட்டார்.
பிஸ்டன். வால்வு.
"முன்னாடி சத்தம் ஏதாவது வருமா?"
"வராது. வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்."

இந்த பெல்ட் எண்ணெயிலேயே குளித்துக்கொண்டு ஓடுமாம்.
நான் எட்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள்.
ரப்பரை எண்ணெயில் வருடக்கணக்கில் ஊறவைத்தால்?
என் கடைசி பெஞ்ச் ரெமுஸ்கூட
புத்தகம் பார்க்காமல் எழுதுவான்.
எந்த ஊர்ப் பொறியாளரோ,
எந்தப் பரீட்சையில் தேறினாரோ.

ஆறு நாள் பஸ்.
ஏழாம் நாள் ஷெட்டில் சல்லடையைக் காட்டினார்.
கேக்கின் மேல் தூவிய கசகசாபோல் கருப்புப் பொடி
கண்களை அடைத்திருந்தது.
எண்ணெய் குடிக்க இன்ஜினுக்கு
ஊசிமுனை இடம்தான் மீதம்.
பழைய பெல்ட்டின் முதுகில் மங்கலாக ஒரு தேதி:
பதினோரு வருடத்துக்கு முந்தைய மார்ச்.
அது மட்டும்தான் அந்தக் காரில்
யாரும் திருத்த நினைக்காத எழுத்து.

மூன்று தவணை. முதல் தவணைக்கு ரசீது இல்லை,
ஒரு தலையசைப்பு.
பெல்ட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தந்தார்,
மீன் கட்டித் தருவதுபோல.

அதை வகுப்புக்கு எடுத்துப் போனேன்.
ரெமுஸ் பல் பல்லாக எண்ணினான்,
நடுவில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து.
"ஒரு பல்லும் விழலியே மிஸ்.
அப்புறம் எதுக்குக் காசு குடுத்தீங்க?"
மணி அடித்தது. நல்லவேளை.

மாலை ஃபெலாக் மேடு ஏறினேன்.
முன்னே பீட்ரூட் ஏற்றிய லாரி, மூன்றாம் கியர், பனித்தூறல்.
வண்டி போன மாதம் எப்படி ஏறியதோ
அப்படியேதான் ஏறியது.
வேகம் கூடவில்லை. சத்தம் குறையவில்லை.
நாலாயிரத்து இருநூறுக்கு ஏதாவது தெரிகிறதா என்று
ரேடியோவை அணைத்துவிட்டுக்
காதைக் கூர்மையாக்கினேன்.

வைப்பர் மட்டும் கீச்சிட்டது.
அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்.