மூன்று எழுத்து

சத்துவாச்சாரியில் எங்கள் வீடு
மலைமேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது.
தெருவிலிருந்து பார்த்தால் ஒரு தளம்.
பின்பக்கம் இறங்கினால்
பாறை விட்டுக்கொடுத்த இடத்தில் இன்னொன்று.
சன்னல் இல்லை. சிமெண்டு மூட்டை வாசனை போகாத அறை.
வீட்டை விற்றவர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் மேலே
குழாய்த் தண்ணீரிலேயே காப்பி போடலாம்.
கீழே மட்டும் சுவர் சில்லென்றிருக்கும்.
அரிசி மூட்டை வைக்கலாம் என்றேன்.
தேவநேசன் அளவு நாடாவோடு இறங்கினார்.
பகலெல்லாம் அடுத்தவர் எலும்பைப்
படம் பிடித்துவிட்டு வருகிற மனிதர்
"ஒரு விளையாட்டு ரூம்" என்றார்,
கைமாற்று கேட்பவர் குரலில்.

முதல் மாதம் முழுக்க ஓதம்.
சுவரைச் சுரண்டினால் சுவரே வந்தது.
தார் பூசி, பலகை அடித்து,
அதன்மேல் கருநீலம்.
"ராத்திரி மாதிரி இருக்கணும் எப்சி."
எர்த்துக்குப் பாறையில் குழி; கம்ப்ரசர் இரண்டு நாள்.
உப்பும் கரியும் கொட்டி மூடினார்கள்,
யாரையோ அடக்கம் பண்ணுவதுபோல.

பெட்டி காட்பாடியிலிருந்து வந்தது,
ரயிலடியில் மூடிப்போன கடையிலிருந்து,
கோழித்தீவன வண்டியில், மல்லாந்தபடி.
படியில் திரும்பவில்லை.
கதவைக் கழற்றினார்கள். நிலையைக் கழற்றினார்கள்.
நான் என் அபிப்பிராயத்தையும் கழற்றி
ஓரமாக வைத்தேன்.

காசு வாய் பழைய ரூபாய்க்கு வெட்டியது.
இப்போதைய ரூபாயைத் துப்பிவிட்டது.
இரும்புக்கடையில் அரைக்கிலோ வாஷர் வாங்கினார்.
எங்கள் வீட்டு நாணயம் அன்றிலிருந்து அதுதான்.

திரை பச்சையாக முழித்துக்கொண்டது.
முதலிடத்தில் மூன்று எழுத்து:
கே எம் வி.
எட்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு.
பத்து வரியில் ஏழு வரி அதே பேர்.
"யார்ரா இவன்" என்றார்.
"இவளா இருந்தா?" என்றேன்.
அவர் அந்தப் பக்கம் யோசித்திருக்கவில்லை.

இடது பக்கம் திரும்பாத குச்சியைப் பார்க்க
மேல்விஷாரத்திலிருந்து இம்தியாஸ் வந்தார்.
முதுகைத் திறந்து டார்ச் அடித்தார்.
"பேட்டரி கசியுது சார். போர்டைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு.
எடுத்தே ஆகணும்."
எடுத்தால்?
"பழைய ஸ்கோர் போயிடும். அவ்ளோதான்."

அந்த அவ்வளவுதானை
தேவநேசன் ஒன்பது நாள் தள்ளிப்போட்டார்.
கடைக்காரர் மகனுக்குப் போன் அடித்தார்.
ஆமாம், ஒரு பையன் வருவான்,
கையில் டிபன் கேரியர், ஆஸ்பத்திரிச் சீட்டு,
பேசுவது எந்த ஊர்த் தமிழோ.
சாப்பாடு கொடுத்துவிட்டு நேரே இங்கே.
அப்புறம் ஒருநாள் வரவில்லை.
மூன்று எழுத்து அவன் பேரா,
வார்டில் படுத்திருந்தவர் பேரா,
அது தெரியாதுங்க.

ரத்த வங்கியில் என் வேலை.
ஒரு பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முன்
சீட்டை எழுதி ஒட்டிவிடுவோம். மிச்சமெல்லாம் அப்புறம்.
கருநீலச் சுவரில் சாக்பீஸால்
ஏழு வரியையும் எழுதினேன்.
"இப்ப எடுங்க" என்றேன்.
பட்டாணி உடைந்ததுபோல் ஒரு சத்தம்.
பத்து வரியும் பூஜ்யம்.

முதல் வாஷரை அவர்தான் போட்டார்.
ஒரு லட்சத்துத் தொண்ணூறு. முதலிடம்.
பேர் கேட்டது.
குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார்,
மூலையில் நொடிகள் குறைந்துகொண்டே வர.
கடைசியில் இயந்திரமே போட்டுக்கொண்டது:
ஏ ஏ ஏ.

இந்த ஐப்பசியில் ஓதம் மறுபடி ஏறுகிறது,
சுவரில் கீழிரண்டு வரியைக் குடித்துவிட்டது.
இரவு ஷிப்ட் முடிந்து செருப்பைக்கூடக் கழற்றாமல்
நான் மூன்று லட்சத்து நாற்பதில் இருக்கிறேன்.
பின்னால் பல் விளக்கிக்கொண்டே தேவநேசன்
"இடது, இடது" என்கிறார்,
வாய் நிறைய நுரையோடு.