ஜன்னலுக்குத் தனி

போனில் குவாக் கேட்ட முதல் கேள்வி:
"ஜன்னல் வேண்டுமா, வேண்டாமா?"
காபிக்குச் சர்க்கரை கேட்பது போல.

வேண்டாமென்றால் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் வொன்.
வேண்டுமென்றால் மேலே அறுபதாயிரம்.
சோறு இலவசம், கிம்ச்சி இலவசம்,
முன்பணம் கிடையாது.
அந்தக் கடைசி வார்த்தைக்கு
மொக்போ ரயிலில் நின்றபடி தலையாட்டினேன்,
போனில் தலையாட்டினால் தெரியாது என்பதை மறந்து.

அதற்கு முன் ஆறு சனிக்கிழமை, பதினோரு வீடு.
ஒன்று பாதி மண்ணுக்குள்.
போகிறவர் வருகிறவர் கணுக்கால் மட்டும் தெரியும்.
போன மழையில் தண்ணீர் ஏறி நின்ற உயரத்தில்
சுவரெங்கும் பழுப்பாக ஒரு கோடு.
"அது வால்பேப்பர் டிசைன்" என்றாள் தரகர் பெண்,
சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.
ஒன்று மொட்டைமாடித் தகரம்.
ஒன்றில் கழிப்பறைக்குள் நின்றுதான்
அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.
எதற்கும் ஒரு கோடிக்குக் குறையாத முன்பணம்.
"அப்பா அம்மா ஏதாவது...?" என்று இழுத்தாள்.
நான் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தேன்,
ஏற்கெனவே கட்டியிருந்ததை அவிழ்த்து.

இப்படியாக நோர்யாங்ஜின், மூன்றாம் மாடி, 307.
படுத்துக் காலை நீட்டினால்
பாதங்கள் மேசைக்கடியில் போய்ச் சேரும்.
விளக்கை அணைத்தால்
மதியம் எது, நடுநிசி எது?
பல் ஆஸ்பத்திரி வரவேற்பில்
"வெளியே மழையா?" என்று கேட்ட முதல் ஆள்
நானாகத்தான் இருக்கும், தலை நனைய வந்தவரிடம்.
வானிலையைப் போனில்தான் பார்க்கிறேன்,
வெளிநாட்டில் இருக்கும் ஊரைப் பார்ப்பது போல.

எதிரறை 308, ஓக்-பின்.
பார்சல் கிடங்கில் இரவு வேலை.
ஜன்னல் உள்ள அறை, அறுபதாயிரம் கூட.
ஒருநாள் கதவு பாதி திறந்திருக்க
கண் தானாக உள்ளே போனது:
ஜன்னல் முழுக்க அட்டை.
ஓரம் விடாமல் பழுப்பு டேப்.
ஒரு ஊசி வெளிச்சம்கூட நுழையாது.

இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.
பகலில் தூங்குகிறவளுக்கு எதற்கு ஜன்னல்?
மறுநாள் பொதுச் சமையலறையில்
சோற்றுப் பானையைத் திறந்த ஆவிக்குள்ளிருந்து
கேட்டேவிட்டேன்:
"மாற்றிக்கொள்ளலாமா? வித்தியாசத்தை நான் தருகிறேன்."

ராமென் மேல் முட்டையை உடைத்து,
ஓட்டுத்துணுக்கை விரலால் எடுத்துவிட்டு,
நிதானமாகச் சொன்னாள்:
"மூடி வைப்பதற்காவது
ஒன்று இருக்கட்டுமே."

கோபம் வந்தது. என்ன பதில் இது.
தட்டைக் கழுவும்போது அவளே சொன்னாள்:
"ராத்திரி பத்துக்குப் போனால் ஆறுக்குத்தான் வருவேன்.
பூட்டுவதில்லை. வேண்டுமானால் போய்ப் பார்.
டேப்பை மட்டும் திரும்ப ஒட்டிவிடு."

நாலு நாள் வீம்பாக இருந்தேன்.
ஐந்தாம் நாள் போனில் மழை என்று காட்டியது.

இடது ஓரத்து டேப்பை நகத்தால் உரித்தேன்.
அட்டையை மடக்கினேன்.
ஜன்னலை ஒரு சாண் தள்ள முடிந்தது.

சுவர்.
அடுத்த கட்டடத்தின் சுவர், கைக்கு எட்டும் தூரத்தில்.
இடையில் ஏசி குழாய்,
யாரோ கம்பியில் மாட்டி மறந்த ஒரு மாப்.
மழை எங்கோ மேலே பெய்துகொண்டிருந்தது.
இங்கே வந்து சேர்ந்தது அதன் சில்லறை,
குழாய்மேல் சொட்டி, நின்று, மறுபடி சொட்டி.
கையை நீட்டிச் சுவரைத் தொட்டேன்.
ஈரம். செங்கல்லின் சொரசொரப்பு.
எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ,
மணிக்கட்டு வரை மரத்துப்போயிருந்தது.

டேப்பை ஒட்டினேன். முன்போல் ஒட்டவில்லை.

காலையில் படியேறி வந்தவள் கேட்டாள்:
"என்ன தெரிந்தது?"
"ஒன்றுமில்லை."
"அதுதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

வேலைக்குப் போகும் வழியில்
குவாக்கின் மேசை முன் நின்றேன்.
ஜன்னல் அறை காலியானால் சொல்லுங்கள்.
நீல அட்டை நோட்டைப் புரட்டி
என் பெயரை எழுதினார்.
எனக்கு முன்னால் ஒன்பது பேர்.