ஏறக்கூடாத ஆறு மணி நேரம்

மஞ்சூர் தாண்டி அணைக்கரை, ஞாயிறு காலை ஏழரை.
எழுந்திருக்க மனமில்லாமல் தண்ணீர்மேல் கிடக்கிறது பனி.
இன்னாசி எங்கள் அட்டைகளை வாங்கிப் பார்க்கிறார்
கண்டக்டர் பாஸைப் பார்ப்பதுபோல, இரண்டு பக்கமும்.
என்னுடையது அந்தமானில் வாங்கியது.
எல்.டி.சி. விடுப்பில் போனவள்
மூழ்கத் தெரிந்தவளாகத் திரும்பி வந்தேன்.
ஆபீஸில் யாரும் நம்பவில்லை.

"கடல் வேற, இது வேற" என்கிறார்.
தூத்துக்குடிக்காரர்; ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர்.
"உப்பில்லாத தண்ணி ஆளைத் தூக்காது,
இடுப்பு ஈயத்துல ரெண்டு கட்டி குறைங்க.
ஏற்கெனவே ஆறாயிரம் அடி உசரத்துல நிக்கிறீங்க,
இங்க நாப்பது அடின்னா உடம்புக்கு ஐம்பது.
மேல வரும்போது உங்க குமிழியவிட மெதுவா வாங்க.
வெளிய வந்து ஆறு மணி நேரம்
மலை இறங்கலாம். ஏறக்கூடாது."

எட்டுப் பேரும் தலையாட்டினோம்.
ஏழு பேர் கெத்தை வழியாக இறங்குகிறவர்கள்.
என் வீடு ஊட்டியில்.

என் கூட்டாளிக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை.
ஒருவர் காற்று தீர்ந்தால் மற்றவர் எப்படித் தருவது என்று
கரையோரம் ஒருமுறை செய்து பார்த்தோம்.
சேனாபதி என்று பெயர் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

பிறகு குளிர்.
பிடரிக்குப் பின்னால் கை நுழைத்து
முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணுகிற குளிர்.

நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு.
பதினோரு வருடமாகக் காலை எட்டு மணிக்கு
காவலர் பெள்ளன் போன் செய்வார்.
"எழுபத்து நாலு, மேடம்."
எழுபத்து நாலு என்று எழுதுவேன்.
இந்தத் தண்ணீர் எனக்கு அவ்வளவுதான்:
ஒரு குரல், ஒரு கட்டம், நீல மை.

இன்று அந்த அளவுகோல் தூணைத் தடவிக்கொண்டே
என் கையெழுத்துக்குள் இறங்கினேன்.
எழுபது. அறுபத்தைந்து.
வெளிச்சம் டிகாஷன் நிறத்துக்கு வந்தது.
ஐம்பதில் தேயிலைச் செடிகள்,
வரிசை கலையாமல், இலை மட்டும் இல்லாமல்.
நாற்பத்து நாலில் யாருடைய ஹவாய்ச் செருப்போ,
இடது கால்.
சேனாபதி விரலை வட்டமாக்கிக் கேட்டார்: சரியா?
வட்டமாக்கினேன்: சரி.
முப்பத்தைந்து. முப்பத்து மூன்று.

முப்பத்தொன்றில் தூண் முடிந்துவிட்டது.
முடியவில்லை, சேற்றுக்குள் போய்விட்டது.
கையை விட்டேன். தோள்வரை போயிற்று.
கணக்கில் இன்னும் முப்பத்தோரு அடி தண்ணீர்.

கிளம்பிய சேறு விளக்கை மூடிற்று.
என் கையே எனக்குத் தெரியவில்லை.
அப்போது ஒரு கை வந்து முழங்கையைப் பிடித்தது.
யாரென்று கேட்க வாய் காலியாக இல்லை.

திரும்பும்போது பதினைந்து அடியில் நிறுத்தம்.
ஐந்து நிமிடம் தொங்கினோம், செய்ய ஒன்றுமில்லாமல்.
என் குமிழிகள் மட்டும் முண்டியடித்துக்கொண்டு போயின,
இடம் பிடிக்கிற மாதிரி.

கரையில் இன்னாசி கேட்டார்: "அதிகபட்ச ஆழம்?"
நாற்பத்து மூன்று அடி.
"தரை?"
சேறு.
எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.
ஒரே தண்ணீருக்கு
என் பெயரில் இப்போது இரண்டு பதிவேடு.

வேன் இறங்கிப் போயிற்று.
ஜன்னலில் ஒரு விரல் வட்டம்.

ஊட்டி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தெரிந்தவர்.
"ஏறலையா மேடம்?"
"நாலு மணிக்கு மேலதான் ஏறணும்."
"நல்ல நேரமா?"
ஆமாம் என்றேன்.

டீக்கடை பெஞ்சில் பெள்ளன் வந்து உட்கார்ந்தார்.
பதினோரு வருடக் குரலுக்கு
வலது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது.
"கீழ எப்படி மேடம்?"
சொன்னேன்.
டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.
"கயித்துல கல்லைக் கட்டி விட்டுப் பாத்திருக்கேன்.
நீங்க தண்ணி எவ்வளவுன்னு கேக்கலையே,
நம்பர் என்னன்னுதான கேட்டீங்க."

இரண்டரை பஸ்ஸும் போயிற்று.