ஒரு முழம் தள்ளி

எங்கள் மைதானத்தில் கம்பத்தைக் குறிபார்த்து
எவனும் உதைப்பதில்லை.
கடல் பக்கத்துக் கோல் என்றால்
கொண்டலுக்கு இடப்புறம் ஒரு முழம்,
கச்சானுக்கு வலப்புறம் ஒன்றரை.
மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.
கீழக்கரையில் நடக்கக் கற்கும்போதே கற்பது இது.

நான் மாற்றுக் கோல்கீப்பர், சட்டை எண் இருபத்திரண்டு.
அந்த வருடம் பதினோரு ஆட்டம்.
நான் ஆடியது ஒரு நிமிடமும் இல்லை.
கருவேலங்காட்டுக்குள் போன பந்தை எடுத்து வருவேன்.
முள்ளில் செத்தவை ஒன்பது,
சைக்கிள் கடை சித்தீக் ஒட்டிப் பிழைத்தவை ஏழு.
கணக்கு இன்னும் என்னிடம்தான்.

பெஞ்சில் எனக்குத் துணை கார்மேகம்.
முதுகுளத்தூர் பக்கத்து ஆள்.
மூன்று வருடமாகியும் கடல்காற்று பிடிபடவில்லை.
நேராக உதைப்பான், பந்து கோணலாகப் போகும்,
காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்து ஊரே சிரிக்கும்.

அரையிறுதி நோன்பு மாதத்தில் வந்தது.
இடைவேளையில் சகுபர், சீனி அசனா, இன்னும் மூன்று பேர்
ஈரத்துண்டைத் தலையில் போட்டுக் கண்ணை மூடியிருக்க
அவர்கள் பங்குத் தண்ணீரையும் கெரோபினே குடித்தான்.
"வீணாப் போகக் கூடாதுல்லடா."
நோன்பாளிகள் ஓடி ஜெயித்தார்கள்.
குடித்தவனுக்குத்தான் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

இறுதி ஆட்டம் காரைக்குடியில்.
கொடி கம்பத்தில் ஈரவேட்டி மாதிரி ஒட்டிக் கிடந்தது.
முதல் பாதியில் எங்கள் ஆட்கள் கோலுக்கு உதைத்தது எட்டு.
எட்டும் இடப்புறம் ஒரு முழம் தள்ளிப் போயிற்று.
உதையில் பிழை இல்லை.
காற்று வரவில்லை, அவ்வளவுதான்.
அவர்கள் ஒன்று போட்டிருந்தார்கள்.

"காத்த மறங்கடா" என்று பி.டி. சார் தொண்டை கிழியக் கத்தினார்.
இருபது வருடக் காற்றைப்
பதினைந்து நிமிடத்தில் எவன் மறப்பான்?
பிறகு அவர் திரும்பி பெஞ்சைப் பார்த்தார்.
என்னை அல்ல.

கார்மேகம் எழுந்த இடம் சூடாக இருந்தது.
அங்கே எல்லோருடைய பைகளையும் எடுத்து வைத்தேன்.

அறுபத்து மூன்றாம் நிமிடம் நேராக உதைத்தான்.
எண்பத்தெட்டில் மறுபடியும், நேராக.
வேறொன்றும் அவனுக்குத் தெரியாது.

என்னையும் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள்.
என் சட்டை மட்டும் வெள்ளையாக இருந்ததால்
போட்டோவில் நான்தான் முதலில் தெரிகிறேன்.

வேன் தொண்டி தாண்டியதும்
ஜன்னல் வழியே முகத்தில் அடித்தது உப்புக்காற்று.
கோப்பையை மடியில் வைத்திருந்த கெரோபின்
தலையை வெளியே நீட்டி
எழுத முடியாத ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேட்டான்:
"இப்ப வர்றியா நீ?"

மறுநாள் சாயங்காலம்
ஜூனியர் பயல்கள் கெஞ்சிக் கேட்டார்கள் என்று
கார்மேகம் அந்த உதையை உதைத்துக் காட்டினான்.
நல்ல கொண்டல்.
பந்து கம்பத்தை விட்டு, சுவரை விட்டு, முள்ளுக்குள் போயிற்று.
சுவரில் இருந்தவர்கள் இந்த முறை சிரிக்கவில்லை,
கைதட்டினார்கள்.
அவனுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.
பத்து.