ஆடியில் அரியமான்

உச்சிப்புளியில் ஷட்டரை இறக்கிவிட்டு
இன்று லீவு என்று சாக்பீஸில் எழுதினேன்.
எழுதாவிட்டாலும் யாரும் வரப்போவதில்லை, ஆடி.
கீழக்கரைக் கல்யாணங்கள்கூட
துபாய் லீவு தள்ளிப்போனதில்
ஆவணிக்குப் போய்விட்டன.

'கேமரா வந்தால் நான் வரவில்லை' என்றாள் செண்பகவல்லி.
வைத்துவிட்டுத்தான் வந்தேன்.
ஆனாலும் வலது தோள்
பை தொங்குவதாகவே நினைத்துக்கொண்டு
பஸ்ஸில் சாய்ந்தே வந்தது.

முக்கால் மணி காத்திருந்து கால் மணிப் பயணம்.
இதுதான் எங்கள் வெளியூர்.
கொடைக்கானலை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்,
மூன்று முறையும்
யாரோ ஒரு மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாக.
ஏரி இருந்ததாம்.
என்னிடம் இருப்பது வேண்டுமென்றே மங்கலாக்கிய ஒரு நீலம்.

மதுரைக்காரர்கள் இங்கே வருவார்கள்.
அரிச்சல்முனையில் விடியலுக்கு முன்னே நிறுத்தி
இந்தப் பக்கம் ஆண் கடல், அந்தப் பக்கம் பெண் கடல் என்பேன்.
சிரிப்பார்கள். சிரித்த நொடியில் அமுக்கிவிடுவேன்.
மாப்பிள்ளை வீட்டார் குதிப்பதையும்
பெண் வீட்டார் அலையில்லாமல் நிற்பதையும்
மண்டபத்திலேயே பார்த்தாயிற்று,
கடலில் வேறு எதற்கு
என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

தென்கரையிலிருந்து தாண்டி வந்த கச்சான்
புளிச்சோற்றில் மணலைப் போட்டது.
சவுக்கு நிழலில் டப்பாவை மூடி நிமிர்ந்தால்
நம்புச்செல்வி.

ஆறு வருஷத்துக்கு முன், தை மாசம், தங்கச்சிமடம்.
மூக்குத்தியில் பிளாஷ் தெறித்து
நாற்பது படம் வீணானது.
மாப்பிள்ளை ஊட்டிய ஜிலேபியை
என் சொல்லுக்காக நான்கு தடவை கடித்தவள்.
காலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை
அவனைவிட என்னைத்தான் அதிகம் பார்த்துச் சிரித்தாள்.
அவளுக்கு என்னைத் தெரியவில்லை.
தெரியாதுதான்.
அன்று என் முகம் இருந்த இடத்தில்
ஒரு கறுப்பு வட்டம் இருந்தது.

அவளுடைய கரிஷ்மா ஆல்பம் இன்னும் என் கடையில்,
ஸ்டீல் ரேக்கில், பதினான்காயிரம் பாக்கியோடு.
முதலில் போனை எடுத்தார்கள், பிறகு எடுக்கவில்லை,
பிறகு அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை.
மேல்தட்டில் அப்படி ஏழு ஜோடி
கல்யாணக் கோலத்திலேயே, முதுகோடு முதுகாக.

'அண்ணே, ஒரு படம் எடுத்துத் தாங்களேன்.'
விரிசல் விட்ட போனை நீட்டினாள்.
அவள், ஒரு பையன், அவள் அம்மா.
இன்னும் யாராவது வந்து நிற்பார்களா என்று
பழக்கத்தில் காத்திருந்தேன்.
'அவ்வளவுதாண்ணே, எடுங்க.'

முட்டி போட்டேன்.
தாடையைக் கொஞ்சம் இறக்கும்மா என்றதும்
சட்டென்று என்னையே பார்த்தாள்.
குரல்.
'நீங்க போட்டோகாரரா?'
'இல்லம்மா. பஞ்சாயத்துல தண்ணி டேங்க் ஆபரேட்டர்.'
செண்பகவல்லி முறுக்கைக் கடிக்காமல் நிறுத்தினாள்.

சொல்லியிருக்கலாம்.
ஆல்பம் இருக்கிறது, பணம் வேண்டாம்,
வந்து எடுத்துக்கொள் என்று.
அது கொடுப்பதாகுமா, இல்லை
ஆறியதைக் கிளறுவதாகுமா, தெரியவில்லை.
பஸ்ஸிலும் தெரியவில்லை. இப்போதும்.

பதிலுக்கு அவள் எங்களை எடுத்தாள்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில்
இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் படம் எத்தனை என்று
திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாள் செண்பகவல்லி.
ஒரு கைவிரல்கள் போதுமாக இருந்தன.

கடல் சாய்ந்திருக்கிறது. என் கண் மூடியிருக்கிறது.
இடது ஓரத்தில், பாதி வானத்தை மறைத்துக்கொண்டு
மங்கலாக, பெரிதாக,
நம்புச்செல்வியின் விரல்.

'இதை வெட்டிடலாம்ல?' என்றாள்.
தொழில்காரனைக் கேட்கிற குரலில்.

இருக்கட்டும் என்றேன்.